அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அறிக்கையைப் படிப்பது எப்படி? கிளெரி சட்டம்: முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகளுக்கு மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ். இடம் கிடைத்தது. வீடே ரேங்கிங், ஃபீஸ், வேலைவாய்ப்பு என்று அலசிக்கொண்டிருந்தது. தங்கை மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் போட்டு, "அக்கா, பொண்ணு தனியா இருக்கற மாதிரி ஊரா அது?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் அவள் வீட்டுக்காரர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் குற்றப் பட்டியல். கொலை 0, வழிப்பறி 0, தீவைப்பு 0. கூடவே, "எல்லாம் சைபர்தான் அண்ணி, பயப்பட ஒண்ணுமில்ல" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ்.

அவர் அனுப்பிய பக்கத்தில் பொய் எதுவும் இல்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. அந்தப் பட்டியல் மாணவர்களைப் பின்தொடர்ந்து எண்ணுவது இல்லை, இடங்களை வைத்து எண்ணுவது. அவர் மகள் பார்த்து வைத்திருந்த அபார்ட்மென்ட் அந்த இடங்களின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. அன்று இரவு வாட்ஸப்பில் நானும் அவளும் அந்த அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். அன்று பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பிள்ளையை அனுப்பப் போகிறவர்களும், போகப் போகிற பிள்ளைகளும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது

பென்சில்வேனியா மாநிலம் பெத்லகேமில் இருக்கிறது லீஹை பல்கலைக்கழகம். 1986 ஏப்ரல் 5 அதிகாலையில் அங்கே முதலாண்டு படித்த ஜீன் கிளெரி என்ற 19 வயதுப் பெண், தன் விடுதி அறையிலேயே வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். அவளுக்கு முன்பின் தெரியாதவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் மூன்று கதவுகளை யாரோ மூடாதபடி முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் அவன் உள்ளே வந்தான்.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்பது பெற்றோர் கோனி, ஹோவர்ட் கிளெரி இருவருக்கும் மகள் போன பிறகுதான் தெரிந்தது. சேர்க்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் அப்போது இல்லை. வழக்குப் போட்டு, கிடைத்த இழப்பீட்டை வைத்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மாநிலம் மாநிலமாக அலைந்தார்கள். வளாகத்தில் நடக்கும் குற்றங்களின் கணக்கைக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும் என்று 1990-ல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1998-ல் அதற்கு ஜீன் கிளெரியின் பெயரை வைத்தார்கள். மாணவர்களுக்கான மத்திய அரசு நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் எந்தக் கல்லூரியும், அரசுடையதோ தனியாருடையதோ, இதற்குக் கட்டுப்பட்டது. அமெரிக்காவில் நம் பிள்ளைகள் சேரும் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கும்.

படி 1: சரியான அறிக்கையை எடுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் 1-க்குள் 'ஆன்யுவல் செக்யூரிட்டி ரிப்போர்ட்' வெளியிட்டாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்த மூன்று வார்த்தைகளையும் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைத்துவிடும். விடுதி உள்ள இடங்களில் தீப் பாதுகாப்பு அறிக்கையையும் இதோடு சேர்த்தே வெளியிடுவது வழக்கம். சேர்ந்த மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டுமல்ல, சேர யோசிப்பவர்களுக்கும் இதைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. அச்சுப் பிரதி வேண்டும் என்றாலும் கொடுத்தாக வேண்டும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, ஆண்டு. 2025 அக்டோபரில் வந்த அறிக்கையில் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கும். இரண்டாவது, எந்த வளாகம் என்பது. ஒரே பெயரில் நான்கைந்து ஊர்களில் வளாகம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குக் கொடுக்கும். தங்கை வீட்டுக்காரர் அனுப்பிய சைபர் பட்டியலே ஒரு சின்னக் கிளை வளாகத்துடையது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பல கல்லூரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், அமெரிக்கக் கல்வித் துறையே 'கேம்பஸ் சேஃப்டி அண்ட் செக்யூரிட்டி' என்ற பெயரில் ஒரு தளம் நடத்துகிறது. எண்களை ஒரே இடத்தில் பார்க்க அது வசதி. ஆனால் வரைபடமும் விளக்கமும் விதிமுறைகளும் பிடிஎஃப்பில்தான் இருக்கும்.

படி 2: எண்களைத் தொடாதீர்கள், முதலில் எல்லையைப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சட்டம் இடத்தை நான்கு விதமாகப் பிரிக்கிறது, அட்டவணையின் நான்கு பத்திகளும் அவைதான்.

முதல் பத்தி, வளாகம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள, ஒன்றையொன்று ஒட்டிய கட்டடங்களும் நிலமும். இரண்டாவது பத்தி, வளாகத்துக்குள் இருக்கும் மாணவர் விடுதி. இது முதல் பத்தியின் உட்பிரிவு. அதனால் இரண்டையும் கூட்டக் கூடாது. வளாகத்தில் 9, விடுதியில் 6 என்றால் மொத்தம் 9தான். அந்த ஒன்பதில் ஆறு விடுதிக்குள் நடந்தவை. மூன்றாவது பத்தி, வளாகத்துக்கு வெளியே தள்ளி இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ள கட்டடங்கள். அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்புகளின் வீடுகளும் இதில் சேரும். நான்காவது, வளாகத்தை ஒட்டிய பொது இடம்.

இந்த நான்காவதுதான் எல்லோரையும் ஏமாற்றும். 'ஒட்டிய' என்றால் எவ்வளவு தூரம்? வளாகத்தின் ஓரம் ஓடும் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்க நடைபாதை, நடுவில் சாலை, அந்தப் பக்க நடைபாதை. கணக்கு அங்கே நின்றுவிடும். எதிர் நடைபாதையில் நிற்கும் மாணவியிடம் ஒருவன் கத்தியைக் காட்டிப் போனைப் பிடுங்கினால் அது அறிக்கையில் வரும். அவள் இரண்டடி வைத்து அங்கே இருக்கும் கடைக்குள் நுழைந்த பிறகு அதே கத்தி, அதே போன் என்றால் வராது.

நம் பிள்ளைகளில் எம்.எஸ். போகிற பெரும்பாலோர் விடுதியில் தங்குவதில்லை. நாலு பேராகச் சேர்ந்து வளாகத்துக்கு வெளியே தனியார் அபார்ட்மென்ட் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நடக்கும் திருட்டும் தாக்குதலும் இந்த அட்டவணைக்குள் வராது. குடியிருப்பவர்கள் முழுக்க மாணவர்களாகவே இருந்தாலும் சரி, பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத கட்டடம் என்றால் கணக்கில் இல்லை. அதே சமயம் வளாகத்துக்குள் பாதிக்கப்படுபவர் மாணவரே அல்லாத வெளியாளாக இருந்தாலும் அது கணக்கில் உண்டு. யாருக்கு நடந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. எங்கே நடந்தது என்பதைத்தான் பார்க்கிறது.

நாங்கள் செய்தது இதுதான். அறிக்கையில் இருந்த வளாக வரைபடத்தை ஒரு பக்கமும், கூகுள் மேப்பை இன்னொரு பக்கமும் திறந்து வைத்தோம். அவள் பார்த்து வைத்திருந்த அபார்ட்மென்டுக்கு ஒரு புள்ளி வைத்தோம். வளாக எல்லையிலிருந்து நாலு தெரு தள்ளி. "அப்ப பெரியம்மா, நான் ராத்திரி லேப் முடிச்சு நடந்து வர்ற வழியில கால்வாசிதான் இந்த ரிப்போர்ட்ல இருக்கு" என்றாள். அவ்வளவுதான் விஷயம்.

படி 3: எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணுவதில்லை

கொலை, பாலியல் குற்றங்கள், வழிப்பறி, கடுமையான தாக்குதல், அத்துமீறி நுழைந்து திருடுதல், வாகனத் திருட்டு, தீவைப்பு ஆகியவை அடிப்படைப் பட்டியல். குடும்ப வன்முறை, காதல் உறவில் வன்முறை, விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது ஆகிய மூன்றும் 2013 திருத்தத்தில் சேர்ந்தன. ஆயுதம், போதைப்பொருள், மது தொடர்பான கைதுகளும் ஒழுங்கு நடவடிக்கைகளும் தனி அட்டவணையில் வரும். அந்த எண்கள் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். 21 வயதாகாத பிள்ளைகள் விடுதியில் பீர் வைத்திருந்து மாட்டியதுகூட அதில் சேரும்.

சாதாரணத் திருட்டு இந்தப் பட்டியலில் இல்லை. இது தெரியாமல் படித்தால் முழுக்கத் தவறாகப் புரிந்துகொள்வோம். லைப்ரரி மேஜையில் லேப்டாப்பை வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனீர்கள், திரும்பி வந்தால் காணோம். அட்டவணையில் வராது. சைக்கிள் போனாலும் வராது. அதே லேப்டாப்பை விடுதி அறைக்குள் நுழைந்து எடுத்திருந்தால் வரும். கதவு பூட்டாமல் இருந்திருந்தாலும் உரிமையில்லாமல் உள்ளே வந்ததே போதும், 'பர்க்ளரி' என்று பதிவாகும். ஆக, பர்க்ளரி எண் அதிகமாக இருக்கும் விடுதியில் பூட்டை உடைத்தார்கள் என்று அர்த்தமில்லை. கதவைச் சாத்தாமல் குளிக்கப் போகும் பழக்கத்தை அந்த எண் காட்டிக்கொடுக்கலாம்.

வெறுப்புக் குற்றத்துக்கு விதி வேறு. இனம், மதம், பாலினம், பாலியல் ஈர்ப்பு, பாலின அடையாளம், இனக்குழு, பிறந்த நாடு, மாற்றுத்திறன் என்ற எட்டில் ஒன்றின் மேல் உள்ள வெறுப்பால் நடந்தது என்றால், சாதாரணத் திருட்டு, லேசான அடி, மிரட்டல், பொருளைச் சேதப்படுத்துதல் ஆகியவையும் எண்ணப்படும். நாம் அங்கே பார்வைக்கே வேற்று நாட்டவர்கள். அதனால் இந்தப் பகுதியை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். இது பல அறிக்கைகளில் அட்டவணையாக வராது, கீழே சின்ன எழுத்தில் ஒரு பத்தியாக ஒளிந்திருக்கும்.

எண்ணும் விதத்திலும் சில நுணுக்கங்கள் உண்டு. ஒருவன் மூன்று பேரைக் கடுமையாகத் தாக்கினால் எண் 3. ஒருவன் மூன்று பேரை ஒரே நேரத்தில் நிறுத்தி வழிப்பறி செய்தால் எண் 1. குற்றம் நடந்த ஆண்டில் சேர்ப்பதில்லை, புகார் வந்த ஆண்டில்தான் சேர்ப்பார்கள். 2019-ல் நடந்ததை ஒரு பெண் 2024-ல் தைரியம் வந்து சொன்னால் அது 2024 கணக்கு. தவிர, இவை எல்லாம் புகார்கள். கோர்ட்டில் தீர்ப்பானவை அல்ல. புகார் பொய் அல்லது ஆதாரமற்றது என்று விசாரணைக்குப் பின் நீக்கும் அதிகாரம் காவல்துறைக்கு மட்டுமே உண்டு. டீனோ, விடுதி வார்டனோ நீக்க முடியாது. அப்படி நீக்கியவற்றின் எண்ணிக்கையையும் அறிக்கையில் காட்ட வேண்டும்.

படி 4: சைபரைச் சந்தேகியுங்கள்

பத்தாயிரக்கணக்கில் மாணவர்கள் விடுதிகளில் தங்கும் ஒரு பல்கலைக்கழகம் மூன்று ஆண்டும் பாலியல் வல்லுறவு 0 என்று காட்டினால் எனக்கு நிம்மதி வராது, கவலைதான் வரும். அங்கே ஒரு பெண் வாய் திறக்க முடிகிறதா என்றுதான் கேட்பேன். சொல்ல வழி இருக்கும் இடத்தில் எண் ஏறும்.

இதற்குச் சாட்சி அபராதப் பட்டியல். வர்ஜீனியாவில் உள்ள லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024-ல் 14 மில்லியன் டாலர் அபராதம். இந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை விதித்ததிலேயே பெரியது. குற்றங்களைக் குறைத்துக் காட்டியதும், பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே தண்டிக்கப்படுவோமோ என்று பயந்து புகார் சொல்லாமல் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. வீராங்கனைகளிடம் ஆண்டுக்கணக்கில் அத்துமீறிய மருத்துவர் விவகாரத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2019-ல் 4.5 மில்லியன் டாலர் கட்டியது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016-ல் ஏறக்குறைய 2.4 மில்லியன். இவர்களும் அதுவரை ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அட்டவணை வெறும் எண்ணை மட்டும்தான் கொடுக்கும். 50,000 பேர் படிக்கும் இடத்தில் 12 வழிப்பறி என்பதும், 4,000 பேர் படிக்கும் இடத்தில் 12 என்பதும் ஒன்றல்ல. நகரத்தின் நடுவே தெருக்களோடு தெருவாகக் கலந்து கிடக்கும் பல்கலைக்கழகத்தையும், சோளக்காட்டு நடுவில் தனியாக நிற்கும் பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்ப்பதிலும் பயனில்லை.

படி 5: தினசரிப் பதிவேட்டைத் திறங்கள்

பலருக்கு இது இருப்பதே தெரியாது. என்னைக் கேட்டால் அறிக்கையைவிட இதுவே அதிகம் பேசும். சொந்தமாகப் போலீஸோ காவல் பிரிவோ வைத்திருக்கும் கல்லூரிகள் 'டெய்லி கிரைம் லாக்' என்ற பதிவேடு வைத்திருக்க வேண்டும். புகார் வந்த இரண்டு வேலை நாளுக்குள் அதில் ஏற்ற வேண்டும். கடைசி 60 நாள் பதிவுகளை அலுவலக நேரத்தில் யார் போய்க் கேட்டாலும் காட்ட வேண்டும். பழையதைக் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். பலர் இப்போது வளாகப் போலீஸின் இணையப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள்.

என்ன குற்றம், எப்போது புகார் வந்தது, எப்போது நடந்தது, ஏறக்குறைய எந்த இடம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஐந்து விவரங்கள். அட்டவணையில் காணாமல் போன லேப்டாப்பும் சைக்கிளும் இங்கே இருக்கும். வளாகப் போலீஸ் ரோந்து போகும் பகுதி வளாக எல்லையைவிடப் பெரிது என்றால் அந்தத் தெருக்களில் நடந்ததும் இருக்கும். இரண்டு மாதப் பதிவை எடுத்து நேரத்தை மட்டும் பாருங்கள். எந்த பார்க்கிங்கில், எத்தனை மணிக்கு என்று கண்ணில் படத் தொடங்கும்.

வெளியே தங்குகிறவர்கள் இதோடு நிறுத்தக் கூடாது. அந்த நகரப் போலீஸின் குற்ற வரைபடம் இணையத்தில் இருந்தால் அதையும், பல்கலைக்கழகத்தின் இரவுப் பேருந்து எந்தத் தெரு வரை வரும் என்பதையும் பாருங்கள். அபார்ட்மென்ட் வாடகையில் மாதம் ஐம்பது டாலர் மிச்சம் பிடித்து, இரவுப் பேருந்து வராத தெருவில் போய் உட்காருவது லாபமே இல்லை.

படி 6: எச்சரிக்கை எப்போது வரும்

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை 7:15 வாக்கில் ஒரு விடுதியில் துப்பாக்கிச் சூடு, இருவர் சாவு. மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது 9:26-க்கு. 9:40 வாக்கில் அதே கொலையாளி நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்துக்குள் நுழைந்தான். அன்று மொத்தம் 32 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். மின்னஞ்சல் போனபோது அவர் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மணி நேரத் தாமதத்துக்காக, நீண்ட இழுபறிக்குப் பிறகு 2014-ல் பல்கலைக்கழகம் கட்டிய அபராதம் 32,500 டாலர். அந்தத் தொகையை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

2008 திருத்தம் அதற்குப் பிறகு வந்ததுதான். இப்போது இரண்டு வகை எச்சரிக்கை உண்டு. 'எமர்ஜென்சி நோட்டிஃபிகேஷன்' என்பது துப்பாக்கிக்காரன், வாயுக் கசிவு, சூறாவளி போன்ற உடனடி ஆபத்துக்கு. ஆபத்து உறுதியானதும் தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 'டைம்லி வார்னிங்' என்பது நடந்து முடிந்த குற்றம் மீண்டும் நடக்க வாய்ப்புள்ளபோது வருவது. அதில் பாதிக்கப்பட்டவர் பெயர் வரக் கூடாது. படி 2-ல் பார்த்த நான்கு இடங்களுக்கும் வெளியே நடந்ததற்கு எச்சரிக்கை அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சில பல்கலைக்கழகங்கள் தாமாகவே அனுப்புகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அனுப்புமா என்று வளாகப் போலீஸுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

படி 7: எண்கள் இல்லாத பக்கங்கள்

நூறு பக்க அறிக்கையில் அட்டவணை நாலைந்து பக்கம்தான். மீதியை யாரும் படிப்பதில்லை. ஆனால் ஏதாவது நடந்துவிட்டால் கைகொடுப்பது அந்தப் பக்கங்கள்தான்.

பாலியல் வன்முறையோ, உறவில் வன்முறையோ, பின்தொடரலோ நடந்ததாக ஒரு மாணவி சொன்னால், அவளுக்குள்ள உரிமைகளைப் பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே நடந்திருந்தாலும் இது பொருந்தும். அட்டவணையின் எல்லை இங்கே கிடையாது. போலீஸில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். கொடுக்காவிட்டாலும் வகுப்பு, தங்குமிடம், போக்குவரத்து, வளாக வேலை ஆகியவற்றில் மாற்றம் கேட்கலாம், இயன்ற அளவு செய்து தர வேண்டும். கவுன்சலிங், சட்ட உதவி என்று அவளுக்குக் கொடுக்க வேண்டிய தகவலில் விசா மற்றும் குடியேற்ற உதவியும் சேர்த்தி. "புகார் கொடுத்தா விசாவுக்குப் பிரச்சினையாகிடுமோ" என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். விசாரணையில் தனக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. யாரிடம் சொன்னால் அது பதிவாகும் என்பதும் அறிக்கையில் இருக்கும். வளாகப் போலீஸ், டீன் அலுவலகம், விடுதிப் பொறுப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர் போன்றோர் தங்களிடம் வந்த புகாரைக் கணக்குக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். தொழில்முறைக் கவுன்சலருக்கு அந்தக் கடமை இல்லை. யாருக்கும் தெரியாமல் பேச வேண்டும் என்றால் அவரிடம் முதலில் போகலாம்.

விடுதியில் தங்குகிறவர்களுக்கு இரண்டு. ஒன்று, காணாமல் போனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ரகசியமாக ஒருவர் பெயரைப் பதிவு செய்து வைக்கலாம். காணவில்லை என்று முடிவானதும் 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். மற்றொன்று, தீப் பாதுகாப்புப் பகுதி. எந்த மின்சாதனத்துக்கு அனுமதி, திறந்த நெருப்புக்கு என்ன விதி என்று அதில் இருக்கும். எலெக்ட்ரிக் குக்கரையும் காமாட்சி விளக்கையும் பெட்டியில் வைப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். ஊதுபத்திப் புகைக்கே அலாரம் அடித்து, மொத்த விடுதியும் பனியில் வந்து நின்ற கதையை நான் கேட்டிருக்கிறேன்.

ராகிங் விஷயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் 2024 டிசம்பரில்தான் வந்தது. 2025-ம் ஆண்டின் ராகிங் எண்ணிக்கை 2026 அக்டோபர் அறிக்கையில் இடம்பெற வேண்டும். விதி மீறிய மாணவர் அமைப்புகளின் பெயரைத் தனி அறிக்கையாகவும் வெளியிட வேண்டும்.

படி 8: அறிக்கை தவறு என்று தெரிந்தால்

உங்களுக்குத் தெரிந்த சம்பவம் பதிவேட்டிலும் இல்லை, அட்டவணையிலும் இல்லை என்றால் முதலில் அது எந்த எல்லைக்குள் நடந்தது என்று படி 2-ல் போய்ப் பாருங்கள். எல்லைக்குள்தான் என்றால் பல்கலைக்கழகத்தில் இந்தச் சட்டத்துக்கான பொறுப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அமெரிக்கக் கல்வித் துறைக்குப் புகார் அனுப்பலாம். ஒவ்வொரு மீறலுக்கும் சுமார் 70,000 டாலர் வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. இந்தச் சட்டத்தை மட்டும் வைத்துத் தனிநபர் வழக்குப் போட முடியாது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் அதுவும் தனி மீறல்.

தங்கை மகள் கடைசியில் நாலு தெரு தள்ளி இருந்த அந்த அபார்ட்மென்டை விட்டுவிட்டு, இரவுப் பேருந்து நிற்கும் தெருவில் இன்னொன்றைப் பிடித்தாள். வாடகை கொஞ்சம் கூட. மாணவர் கணக்கில் சென்னை செல்போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள், எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். அதற்குப் போய் என்ன பயன்? இறங்கிய அன்றே புது சிம் போட்டு எண்ணை மாற்றச் சொன்னேன், அவசரத் தொடர்புக்கு என் எண்ணையும் சேர்த்தாள். செப்டம்பரில் ஒரு மதியம் எனக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. 'இது சோதனைச் செய்தி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை' என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மெசேஜ். கீழே அவள் எழுதியிருந்தாள்: "வந்துடுச்சு பெரியம்மா."